குப்பைக்கும் பிளானில் இடம் வேண்டும்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். துணியில் எவ்வளவு வேஸ்ட் விழும் என்பது கத்தி வைத்த பிறகு முடிவாவதில்லை. மார்க்கர் போடும்போதே முடிவாகிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டையும் நாம் வீசுவதில்லை. கலர் வாரியாகப் பிரித்தால் நல்ல விலை, அழுக்கோடு கலந்தால் அடிமாட்டு விலை.

கட்டடத்துக்கு மார்க்கர் என்றால் அது பிளான்தான். நம் பிளானில் காருக்கு இடம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது. குப்பைக்கு இல்லை. அதனால் சாப்பாடு, பால் கவர், டயாபர் எல்லாம் கேட் ஓரத்தில் ஒரே டிரம்மில் விழுகிறது. 200 வீடுகளுக்கு மேலோ 5,000 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள குடியிருப்புகளில், குப்பையைப் பிரிக்கவும் பதப்படுத்தவும் பிளானிலேயே தனி இடம் ஒதுக்கச் சொன்னது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதி. நம்முடையது அதற்கு முன்பே கட்டியது.

அதற்காக விட்டுவிட முடியுமா? நம் ஊர்க் குப்பை பழைய பாறைக்குழிகளுக்குப் போய், அங்கே குடியிருப்பவர்கள் லாரியை மறித்த கதை எல்லோரும் அறிந்ததுதான்.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நொய்யலில் பார்த்தோம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று அதே தொழில் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறது. செலவு அதிகம்தான். முதலிலேயே யோசித்திருந்தால் ஆறாவது மிஞ்சியிருக்கும்.

நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு கார் நிற்கும் இடம் போதும். மேலே கூரை, காற்றோட்டத்துக்கு ஜல்லிச் சுவர், கழுவ ஒரு குழாய், வடிகாலை நோக்கிச் சரிந்த தரை. ஒரு பக்கம் உரத் தொட்டிகள், மறு பக்கம் பேப்பர், பிளாஸ்டிக், துணி வைக்க அலமாரி. நாற்றம் வரும் என்று பின் வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது! ஈரக்குப்பை கவருக்குள் மூடிக் கிடந்தால்தான் அந்த நாற்றம். காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மேலே போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் உரமாகிவிடும். நம் வேப்பமரமே வேண்டிய சருகைத் தந்துவிடும்.

பார்க்கிங் இரண்டு குறையும். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் இதற்காகவே சண்டை வரும், தெரியும். மாடியில் வைக்கலாம் என்பவர்கள் துப்புரவுப் பணியாளரின் முதுகையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். மாற்றம் வேண்டுமென்றால் பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள்.