பெயர் போடாத வயலின்



இலக்கியத் தொடரில் வயலினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் இசை கற்றவனும் அல்லன். ஓர் இந்துக் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கின்ற பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். மாதம் தவறாமல் சம்பளம் எடுக்கின்ற மனிதன். ஆனால், ஒரு வயலின் விடயத்தில் எனக்குப் பழைய கடன் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். "சேர், இவன் எந்த நேரமும் வயலினோடையே கிடக்கிறான். ஒரு உத்தியோகத்துக்கு வழி பாக்கச் சொல்லி நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட சொல்லெண்டாக் கேப்பான்" என்றார். நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நிரந்தர நியமனம், ஓய்வூதியம், வங்கிக் கடன் என்று ஒன்றும் விடவில்லை. பையன் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு வயலினோடு போனான். இப்போது 'அவன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பொரளையில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறார். எந்த நிறுவனத்திலும் சேராமல், அழைத்த இடத்துக்குப் போய் வாசித்து வாழ்கிறார்.

ஏன் பொரளை என்று கேட்டேன். "பஸ்ஸுக்காகத்தான் சேர்" என்றார். கொட்டாஞ்சேனைக்கு 176, வெள்ளவத்தைக்கு 154. காலையில் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் திருமணப் பூசை, பின்னேரம் வெள்ளவத்தையில் அரங்கேற்ற ஒத்திகை, இரவு ஹோட்டல் ஒன்றில் சிங்களத் திருமண விருந்து. ஒரே நாளில் மூன்றும் வருமென்றால் பொரளைச் சந்தியே வசதி. ஞாயிறு பின்னேரங்களில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறார். நிச்சயமான வருமானம் அது ஒன்றுதான்.

இந்த நாட்களில் வயலின் படும் பாட்டை நான் முன்னர் அறிந்திருக்கவில்லை. அரங்கேற்றத்தில் அவர் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றுகிறார். கருவியைத் தாங்கும் பொறுப்பு இல்லாததால் இடது கை தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடுகிறது. கமகம் பிறப்பது அப்படித்தான். தேவாலயத்திலோ எழுந்து நின்று, நாடிக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அங்கே தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. இங்கே பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப ஸ, ப, ஸ, ப. நடனத்துக்குப் பாடும் அம்மையாரின் ஐந்து கட்டைக்கு ஒரு சேர்க்கை. ஆண் பாடகரின் ஒரு கட்டைக்கு வேறொன்று. ஒரே வயலினை நாளுக்கு மூன்று முறை முறுக்கித் தளர்த்தினால் தந்தி அறும். கடற்காற்றின் ஈரத்தில் முறுக்காணிகள் வேறு இறுகிக்கொள்ளும். ஆகவே இரண்டு வயலின்கள். சனம் நெருக்கும் பஸ்ஸில் இரண்டு பெட்டிகளோடு ஏறுவது தனி வித்தை.

அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். மேற்கத்திய இசைக்கு ஐந்து கோட்டுத் தாள். சிங்கள மெல்லிசைக்குச் சிங்கள எழுத்தில் ஸ ரி க ம. நடன உருப்படிகளுக்குத் தமிழில் எழுதிய கொப்பி. மூன்றையும் அவர் தயங்காமல் வாசிக்கிறார். 'எது கடினம்?' என்று கேட்டேன். "மறக்கிறதுதான் சேர். கீதத்துக்கை ஒரு வழுக்கல் வந்தாப் பாடகர் குழாம் நடத்துறவர் திரும்பிப் பாப்பார். வர்ணத்துக்கை விரல் நடுங்கினால் நட்டுவாங்கம் செய்யிற ரீச்சர் பாப்பா" என்றார். வீட்டில் ஒரு தமிழ், வகுப்பில் ஒரு தமிழ், பஸ்ஸில் சிங்களம், வங்கியில் ஆங்கிலம் என்று பேசித் திரிகின்ற கொழும்புத் தமிழனான எனக்கு இதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் செல்லவில்லை.

ஒருநாள் பொரளையிலுள்ள மலர்ச்சாலை ஒன்றில் வாசிக்கும்போது நானும் கூடப் போனேன். இறந்தவர் ஒரு வயோதிபக் கிறிஸ்தவர். மனைவி சிங்களவர், அவர் தமிழர். முதலில் ஆங்கிலக் கீதம், பிறகு தமிழ்க் கீர்த்தனை, இறுதியில் அந்த அம்மா கேட்ட ஒரு பழைய சிங்களப் பாட்டு. மூன்றுக்கும் ஒரே வில். பின்னர் ஊர்வலம் கனத்தை மயானத்துக்குள் நுழைந்தது. 1983 யூலை 24ஆம் திகதி இரவு கலவரம் மூண்ட இடம் அது. அப்போது எனக்கு நான்கு வயது. அந்த மதிலைக் கடக்கும்போது இன்றும் என் நடை தானாகவே விரைகிறது. அவரோ, வயலினை வெயில் படாமல் நிழலில் வைக்க ஒரு மரம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வேலைத்தலம். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி எல்லாவற்றையும் வாசிப்பவரை நம்மிற் சிலர் 'சுத்தம் இல்லை' என்று ஒதுக்குகிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் மறந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. வயலினே நமக்கு ஐரோப்பியரிடமிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு ஆக்கிக்கொண்டார். தஞ்சை நால்வரில் வடிவேலு அதனைத் திருவாங்கூர் அரண்மனைக்குக் கொண்டு சென்றார்.

நம் நாட்டுக்கு வருவோம். நாகர்கோயிலில் 1926இல் பிறந்த ஆர். முத்துசாமி ஒரு வயலின் கலைஞர். கர்நாடக இசை மண்ணிலிருந்து இங்கு வந்தவர், சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தார். 1972இல் வெளிவந்த நம்மூர்த் தமிழ்ப் படமான 'குத்துவிளக்கு'க்கும் இசை அவருடையதே. 1952இல் லக்னோவிலிருந்து ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டு, இலங்கை வானொலிக் கலைஞர்களை வட இந்திய இசையின் அளவுகோல் கொண்டு தரம்பிரித்த காலம் அது. சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோற்ற மறுத்து வானொலியை விட்டே விலகினார். அத்தகைய சூழலில் ஒரு தென்னாட்டு வயலின்காரர் சிங்கள ரசிகரின் காதுக்கு ஏற்ற இசையைச் செய்தார் என்பது சிறிய காரியமா? 1988இல் அவர் காலமானார். அவருடைய மெட்டுகளைச் சிங்களச் சகோதரர் இன்றும் பாடுகின்றனர். நமது இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரை நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. அமரதேவவும் 1947இல் 'அசோகமாலா' படத்தின் நாட்களில் வயலின்காரராகவே அறிமுகமானவர். பாடத் தொடங்கிய பிறகே நாடு அவரை அறிந்தது.

எல். சுப்பிரமணியத்தின் பிள்ளைப்பருவம் யாழ்ப்பாணத்தில். தகப்பனார் லக்ஷ்மிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்குப் போயிற்று. பிற்காலத்தில் அவர் கர்நாடகக் கச்சேரியும் செய்தார், மேலைநாட்டு வாத்தியக் குழுக்களோடும் வாசித்தார், 'சலாம் பொம்பே' படத்துக்கு இசையும் அமைத்தார். அவரை நாம் மேதை என்கிறோம். பொரளை மாடியறைக்காரர் அதே காரியத்தைச் செய்தால், 'ஏதோ பிழைப்பு' என்கிறோம்.

பிழைப்புத்தான். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது, கொண்டாட்டங்கள் நின்றன. 2020இல் ஊரடங்கு. 2022இல் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. கைபேசியில் ரியூசன் கொடுத்துச் சாப்பிட்டேன் என்றார். அந்த மாதங்களிலும் எனக்குச் சம்பளம் வந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் சொன்ன புத்திமதி சரிதானே என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "நீங்கள் சொன்னது பிழையில்லை சேர். ஆனால், வேற வேலையெண்டா நான் கெட்டிக்காரன் இல்லை" என்றார்.

அண்மையில் ஓர் அரங்கேற்ற அழைப்பிதழை எழுத்துப்பிழை பார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். குரு, சிஷ்யை, பெற்றோர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர் என்று பட்டங்களோடு பெயர்கள். வயலின் என்ற சொல்லையே காணவில்லை. கடைசி வரியில், பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் கீழே, அவர் பெயரை என் கையால் எழுதிச் சேர்த்து, திருத்திய பிரதியைத் திருப்பி அனுப்பினேன்.

அச்சாகி வந்த அழைப்பிதழில் என் சந்திப்பிழைத் திருத்தங்கள் எல்லாம் ஏறியிருந்தன. அந்த வரி மாத்திரம் இல்லை. கடைசியில் இடம் போதவில்லையாம். எடுத்துக்கொண்டு பொரளைக்குப் போய், அவரிடம் காட்டினேன். இரண்டு பெட்டிகளையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு, அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார்.

"நாள் சரியாப் போட்டிருக்கு சேர். அது காணும்" என்றார். 176 வந்துவிட்டது, அவர் ஏறிவிட்டார்.