வில்லனுக்கும் ஒரு கதை உண்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் மாணவர்களின் கண்காட்சியைப் பார்த்தேன். ஒரு தம்பி தானே உருவாக்கிய வீடியோ கேமைக் காட்டினார். அதில் வில்லன் யார் தெரியுமா? ஒரு ஃபேக்டரி மேனேஜர்! "இவன் ஏன்ப்பா கெட்டவன் ஆனான்?" என்று கேட்டேன். "அதெல்லாம் யோசிக்கல சார். நீங்கதான் கும்மிடிப்பூண்டியில வேலை பார்த்தவராச்சே, பாவப்படுற மாதிரி ஒரு பழைய கதை சொல்லுங்களேன்" என்றார். அந்தத் தம்பிக்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு.

இது புது வித்தை இல்லை. 1981-இல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டில் குரங்குதான் வில்லன். 1982-இல் 'டாங்கி காங் ஜூனியர்' வந்தது. அதில் குரங்கு கூண்டுக்குள்ளே. அடைத்து வைத்தவர் நம்ம மாரியோ! அப்பாவை மீட்க வரும் பிள்ளையாக நாம் ஆட வேண்டும். ஒரே வருஷத்தில் கட்சி மாறிப்போச்சு.

நம் நாட்டில் புலவர் குழந்தை, இராவணனைக் காப்பியத் தலைவனாக வைத்து 1946-இல் 'இராவண காவியம்' வெளியிட்டார். 1948-இல் அரசு அதற்குத் தடை போட்டது. தடை நீங்கியது 1971-இல்தான். வில்லன் கதையை மாற்றி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் பாடம் படித்தது தெருக்கூத்தில். நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். அதே களத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் எழும். சிறுவனாக இருந்தபோது என் ஆயா அழுததைப் பார்த்து, "கெட்டவன் செத்ததுக்கு ஏன் ஆயா அழுவுற?" என்றேன். "பெத்தவளுக்கு எல்லாம் புள்ளதாண்டா" என்றார்.

கவனியுங்கள். பிறப்பைச் சொல்லிக் கர்ணனைச் சபையே ஏளனம் செய்தபோது, அங்க நாட்டைக் கொடுத்தவன் துரியோதனன். கூத்து அதை மறைக்கவில்லை. துகிலுரிந்ததையும் மறைக்கவில்லை. அழுகை வேறு, தீர்ப்பு வேறு.

இப்போது என் கதை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தேன். ஒரு வருஷம் ஆர்டர் குறைந்தது. 22 பேரை நிறுத்தச் சொன்னார்கள். பட்டியல் போட்டது இந்தக் கைதான். அந்த 22 பேருக்கு நான்தான் வில்லன். 'மேலிடத்து உத்தரவு, வீட்டுக் கடன், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை' என்று எனக்கு நானே பல வருஷம் ஒரு கதை எழுதிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் அந்த 22 பேரில் ஒருவர் பெயர்கூட வரவில்லை.

பிறகு ஒருநாள், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே வந்து, "நல்லா இருக்கீங்களா சார்? டீ சாப்பிடலாம் வாங்க" என்றார். அவர் மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதை அந்த டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. டீக்குக் காசு மட்டும் அவரே கொடுத்தார்.

தம்பி, உன் மேனேஜருக்குக் கடன் கொடு, தங்கையைக் கொடு, தூக்கம் வராத ராத்திரியையும் கொடு. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் அழித்துவிடாதே. விளையாடுகிறவன் அதைத் திறந்து, ஒவ்வொரு பெயராகப் படிக்கட்டும். அதற்குப் பிறகும் அவனுக்குப் பாவமாக இருந்தால், அதுதான் நிஜமான இரக்கம்.