மருத்துவர்க்கு முன்னே செவிலியர்



காஞ்சியிலிருந்து வேலூர் செல்லும் பெருவழியை ஒட்டித் திருப்புட்குழி என்னும் சிற்றூர் இருக்கின்றது. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய தலம் என்பர். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்டிர் இங்கே நீராடி, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு துயில்வர். விடிவதற்குள் பயறு முளைத்திருந்தால் மரகதவல்லித் தாயார் அருளினாள் என்பது நம்பிக்கை.

அவ்வாறு வரங்கிடந்து பெற்ற மகவு, ஏழெட்டு நாளில் வாய் கிட்டி, பால் குடிக்க மாட்டாமல் மடிவது நம் கிராமங்களில் ஒரு காலத்தில் அரிய செய்தியன்று. தூய்மையற்ற அரிவாளால் கொப்பூழ்க்கொடியை அறுத்து, அதன்மேல் சாம்பலையோ சாணத்தையோ அப்பியதால் வந்த இரணஜன்னி அது. பிள்ளையின் விதி என்றே வீட்டார் எண்ணினர். நகரத்திலே எத்துணைப் பெரிய மருத்துவமனை இருந்தென்ன? நோய் பிறந்த இடம் வீட்டுத் திண்ணைக்கு உட்புறமன்றோ!

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் இதனை உணர்ந்தவர். அவர் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கியது 1909-இல். மகளிர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதோ 1918-இல். மருத்துவர்க்கு முன்னே செவிலியர் என்ற இவ்வரிசையை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பது என் கருத்து. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்ற தொழிலன்று என்று நம்மவர் முகஞ்சுளித்த காலம் அது. 1946-இல் அப்பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெறத்தக்க கல்லூரியாயிற்று. அதே ஆண்டில் தில்லியிலும் செவிலியர் பட்டக் கல்வி தொடங்கிற்று.

பட்டம் வந்ததும் செவிலியர்களுள் பேராசிரியைகள் தோன்றினர். ஆனால் இவர்தம் வகுப்பறைக்குச் சுவர் இல்லை. மாணவியருடன் தெருப்புழுதியில் நடந்து வீடு வீடாகச் செல்லவேண்டும். அங்கே முதற்பாடம் கைப்பையிலேயே தொடங்குகிறது. செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, சோப்பை எடுத்துக் கை கழுவிய பின்னரே தாயைத் தொடலாம். அற்பமாகத் தோன்றும் இதனை வீட்டுக் கிழவி கூர்ந்து நோக்குகிறாள். அடுத்த பேறுகாலத்தில் மருத்துவச்சியின் கையைக் கழுவச் சொல்பவள் அவளே. ஆகையால் அவளை இகழ்ந்து பேசும் மாணவியை ஆசிரியை பொறுப்பதில்லை.

தாய்மார்க்கான தடுப்பூசி, தூய்மையான பேறுகாலம், ஊரூராய்ச் சென்ற செவிலியர் ஆகிய இவை கூடியே பயன் தந்தன. 2015-இல், தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

காஞ்சி வட்டாரத்து நெசவாளர் இல்லங்களில் கேள்வி வேறு. நிறைமாதக் கர்ப்பிணி தறிக்குழியில் எத்தனை நாழிகை அமரலாம்? வேலையை நிறுத்தச் சொன்னால் கூலி போகும். விடை எழுதும் முன் மாணவி அந்தத் தறியருகே சற்று உட்கார்ந்து பார்க்கவேண்டும்.