கிருமி எங்கே பிறந்தது?

(விருத்தாசலத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையிலிருந்து)



2020 மார்ச் கடைசியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்கள்தாம் கொரோனாவை நாடெங்கும் விதைத்தார்கள் என்று தொலைக்காட்சிகள் இரவு பகலாக அலறின. 'கொரோனா ஜிஹாத்' என்று பெயரும் சூட்டினார்கள். தாடி வைத்தவனிடம் காய்கறி வாங்காதே என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று சொல்லி, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை வழக்குகளை ரத்து செய்தது. டெல்லியில் 70 இந்தியர்கள் மீதிருந்த வழக்குகள் 2025 ஜூலையில்தான் ரத்தாயின. ஐந்து ஆண்டுகள்!

இவ்வளவு பட்ட நம் பிள்ளைகளே இன்று, 'சீனாக்காரன் செய்து விட்டான்', 'இல்லை, அமெரிக்காவின் சதி' என்று கைபேசியில் அனுப்பிக் கொண்டிருக்கிறார்களே, ஆதாரம் பார்த்தார்களா?

விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்? 2019 டிசம்பரில் வூஹான் நகர ஹுவானன் சந்தையைச் சுற்றித்தான் நோயாளிகள் குவிந்தார்கள். அங்கே ராக்கூன் நாய் போன்ற காட்டு விலங்குகளை உயிரோடு விற்றார்கள். அந்தக் கடைப்பகுதியில் எடுத்த மாதிரிகளில் கிருமியின் தடயமும் அவ்விலங்கின் மரபணுவும் சேர்ந்தே கிடைத்ததை 2023இல் வெளியிட்டார்கள். முன்பு வந்த சார்ஸ் நோயிலும் புனுகுப்பூனை சிக்கியது.

மறுதரப்போ, "சந்தை பரப்பியதே தவிர பெற்றெடுக்கவில்லை" என்கிறது. இது நமக்குப் புரியாத வாதமா? 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய தொழிலாளர்களால் நம் கடலூர் மாவட்டத்தில் தொற்று நூற்றுக்கணக்கில் ஏறியதே! கோயம்பேட்டிலா கிருமி பிறந்தது? அதோடு, வௌவால் கொரோனாக்களை ஆராயும் கூடமும் அதே வூஹானில் இருக்கிறது. ஆனால் இக்கிருமிக்கு நெருங்கிய உறவுகள் கிடைத்ததோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யுன்னான், லாவோஸ் வௌவால்களிடம். அவையும் பங்காளிகள்தாம், பெற்றோர் அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. சான்றுகளின் எடை விலங்கின் பக்கமே சாய்கிறது; ஆய்வுக்கூடத்தை விலக்கவும் முடியவில்லை என்றது. காரணம்? முதல் நோயாளிகளின் மரபணு விவரம், சந்தை விலங்குகள் வந்த வழி, ஆய்வுக்கூடப் பாதுகாப்புப் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்டார்கள். சீன அரசு தரவில்லை.

இங்கே பீங்கான் தொழிலில் இருப்போருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு விரிசல் விட்டால் மண்ணா, மேல்பூச்சா, சூளைச் சூடா என்று பார்க்கிறீர்கள். சூளைக்காரர் நோட்டைக் காட்ட மறுத்தால் சந்தேகம் தீராது. அதற்காக, அவர் வேண்டுமென்றே உடைத்தார் என்று ஊரெல்லாம் சொல்ல முடியுமா? அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.கூட 2025 ஜனவரியில் ஆய்வுக்கூடத்தைச் சுட்டியபோது, தன் கணிப்பில் உறுதி குறைவு என்றே சொல்லிக் கொண்டது. நம் வாட்ஸ்அப்காரருக்கு மட்டும் நூறு சதவீத உறுதி!

சீன அரசிடம் அந்தப் பதிவுகளைக் கேட்க உலகுக்கு உரிமை உண்டு. நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் அடுத்த முறை 'கண்டுபிடித்து விட்டார்கள்' என்றொரு செய்தி உங்கள் கைபேசிக்கு வந்தால், எந்த மாதிரி, யார் எடுத்தது, எங்கே வெளியானது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். மர்கஸ் செய்தி வந்த அன்று நம் பக்கத்துக் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.