எஞ்சிய நஞ்சை எடை போடும் நுண்துளைத் தகடு
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற பயிற்சியில் உழவர் ஒருவர் கேட்டார்: "கத்தரிக்காய் பளபளவென்று இருக்கிறது. அதில் மருந்து எஞ்சியிருப்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் ஐயா?"

மருந்தின் மூலக்கூறை எடை போட்டுத்தான். ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று கொண்டால், மோனோகுரோட்டோபாஸ் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 223, குளோர்பைரிபாஸ் 350. இந்த எடையைக் காட்டும் கருவியே நிறை நிறமாலைமானி.

எடை போடுவதற்கு மூலக்கூறு உடையாமல் தட்டிலிருந்து எழும்பி மின்னூட்டம் பெற வேண்டும். ஒரு முறையில், ஒளியை உறிஞ்சும் துணைப்பொருளை மாதிரியோடு கலந்து உலர்த்தி, லேசர் ஒளியைப் பாய்ச்சுவர். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இது ஏற்றது. ஆனால், துணைப்பொருள்களின் எடையே 154, 189, 224 என்று அமைகிறது. மருந்தின் எடையும் அதை ஒட்டியே வருகிறது. நெல்லும் பதரும் ஒரே எடையானால் எப்படித் தூற்றுவது?

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் கேரி சியுஸ்டாக், ஜிலியன் புரியாக் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். சிலிக்கன் தகட்டை அமிலத்தில் வைத்து, மின்சாரம் செலுத்தி அரித்து, கறையான் புற்றுப்போல நுண்துளைகளை உண்டாக்கினர். துளைகளின் அளவு நானோமீட்டர் கணக்கில் அமையும். 1 மில்லிமீட்டர் என்பது 10 லட்சம் நானோமீட்டர். தகடே ஒளியை உறிஞ்சி, துளைகளில் தங்கிய மூலக்கூறுகளை எழுப்பிவிடுகிறது. துணைப்பொருள் தேவையில்லை, ஆகவே பதரும் இல்லை. காற்றுப்பட்டால் தகட்டின் திறன் குறைவது ஒரு குறை. எஞ்சிய நஞ்சுக்கான வழக்கமான சோதனை, பொருள்களை முதலில் தனித்தனியாகப் பிரித்து, பிறகு எடை போடும் முறையிலேயே நடக்கிறது.

எந்த முறையானாலும் நாம் அனுப்பும் மாதிரியைத்தான் கருவி எடை போடும். எனவே:

1. வயலில் பல இடங்களிலிருந்து காய் பறியுங்கள்.
2. காயைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம்.
3. மருந்து கலந்த கையால் தொடாதீர்கள். புதிய பையில் இடுங்கள்.
4. தெளித்த மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள்.

காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் தெளிப்பதற்கு நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. பரிந்துரைத்த மருந்தானாலும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே பறிக்க வேண்டும். நாளைக்கு விலை இறங்கிவிடுமே என்று இன்றே பறித்தால், எஞ்சிய நஞ்சும் காயோடு சந்தைக்குப் போகும். எந்தக் கருவியும் அதைக் காட்டித் தருமே தவிர நீக்கித் தராது. தெளித்த நாளன்றே, பறிக்க வேண்டிய நாளையும் கணக்கிட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தக் காயை நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்கிறார்கள்.