கோ-கார்ட்டும் காரும்

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள்; சாப்பாட்டு நேரம் வேறு.

கோயமுத்தூரில் நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னைக் கோ-கார்ட்டில் உட்கார வைத்தார். "பத்து வருஷமா கார் ஓட்டறேன், இந்தப் பொம்மை எம்மாத்திரம்" என்ற நினைப்பு. முதல் வளைவிலேயே சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றேன்.

காரில் டிஃபரன்ஷியல் இருப்பதால் வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் உருளும். கார்ட்டில் அது கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்தவை. அதனால் ஒழுங்காகத் திரும்ப, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியாக வேண்டும். முன்சக்கரங்களின் சாய்வும் சட்டம் முறுகுவதும் சேர்ந்து அதைத் தூக்கிவிடும். சஸ்பென்ஷனும் இல்லை, அந்தச் சட்டம்தான் ஸ்பிரிங். (வகுப்பில் புரியாதது இடுப்புக்குப் புரிந்தது.) பிரேக் பின்பக்கம் மட்டும். நேராகப் போகும்போதே மிதிக்கணும். வளைவுக்குள் மிதித்தால் என் கதிதான்.

ஆறு ஞாயிறு விடாமல் போனேன். கார்ட்டில் பிரேக் இடது காலுக்கு. ஏழாவது வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போகிறேன், முன்னால் பஸ் திடீரென்று நின்றது. என் இடது கால் முந்திக்கொண்டது. மிதித்தது கிளட்ச்! வண்டி பாட்டுக்கு உருண்டது. வலது காலுக்கு நினைவு வந்தபோது பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பின்சீட்டில்தான் உட்காருகிறார்.