பேச்சுத் தாமதமா, மொழி வேற்றுமையா?



பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கி மலையில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இங்கே வீட்டில் வழங்குவது தமிழ். ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் வழங்குவது மலையாளம். இவ்விரு மொழிகளுக்கிடையே வளரும் குழந்தை உரிய வயதில் பேசவில்லையென்றால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தகைய குழந்தையின் விஷயத்தில் இருவகைப் பிழை நேர்வதுண்டு. “இரண்டு மொழியைக் கேட்டுக் குழம்பியிருக்கிறான்; போகப் போகச் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். அதனால் உதவி பெற வேண்டிய ஆண்டுகள் வீணாகின்றன. மற்றொரு பிழை இதற்கு நேர்மாறானது. வீட்டில் தமிழில் ஓயாது பேசும் குழந்தை, புரியாத மொழி வழங்கும் அங்கன்வாடியில் வாய்மூடி இருந்தால், அதனை மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. மொழி வேற்றுமை புதிய மொழியில் மட்டுமே வெளிப்படும். வளர்ச்சித் தாமதமோ தாய்மொழியிலும் வெளிப்படும். மேலும், சொல் பிறப்பதற்கு முன்பே குழந்தை பல செயல்களால் நம்மோடு பேசுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறது. வேண்டிய பொருளை விரலால் சுட்டுகிறது. இவற்றுக்குத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லையென்றால், அதற்கு இருமொழிச் சூழலைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் 1991-இல் வெளியிட்ட அட்டவணை ஒன்று, பிறந்தது முதல் 2 வயது வரையுள்ள பருவத்துக்குரிய 17 செயல்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து, அதற்கு இடப்புறமுள்ள செயல்களில் எதனையேனும் குழந்தை செய்யவில்லையெனில் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று கொள்வர். சிறிது பயிற்சி பெற்ற ஊழியரே இதனைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

ஐயம் தோன்றினால் அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவித்தல் வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவர். முதலில் செவிப்புலனைச் சோதிக்கச் செய்தல் நலம்.

அங்கே செல்லும்போது, குழந்தை வீட்டில் சொல்லும் தமிழ்ச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். மதிப்பீட்டைத் தமிழிலேயே செய்யுமாறு, இயலாவிடில் இருமொழியும் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுமாறு தயங்காமல் கேளுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடும்படி யாரேனும் யோசனை கூறினால் ஏற்க வேண்டுவதில்லை. இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் முதலிய வேறுபாடுகள் உண்டாவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. தாய் தன் நெஞ்சிலுள்ள மொழியில் பேசினால்தான் பேச்சு மிகும். பேச்சு மிகுந்தால்தான் குழந்தை கற்கும்.

பள்ளி வயதில் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என்று சான்று பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அச்சான்று நாடு முழுவதும் செல்லும். எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தாலும் அதன் மதிப்புக் குன்றாது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டுமென அரசியலமைப்பின் 350-ஏ பிரிவும் கூறுகிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளிகளை உள்ளாட்சி மன்றங்கள் பல இடங்களில் நடத்தி வருகின்றன.

பள்ளிப் பருவம் கடந்தபின் என்ன என்ற கவலைக்கு மூணாறு ஒரு விடை தருகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1991-இல் அங்கே தோன்றிய ‘சிருஷ்டி’ அமைப்பு, ‘டேர்’ என்னும் சிறப்புப் பள்ளியை ஏற்படுத்தியது. அதனையொட்டி எழுந்த ‘அதுல்யா’வில் கையால் காகிதம் செய்கின்றனர், ‘ஆரண்யா’வில் தாவரச் சாயங்களால் துணிக்கு வண்ணமூட்டுகின்றனர். பிறர் இரக்கத்தை எதிர்பார்த்திராமல், இவ்விளைஞர்கள் தாமே உழைத்துப் பொருளீட்டுகின்றனர்.

வேறுபாடு குழந்தையின் குற்றமுமன்று, தாயின் குற்றமுமன்று. காலம் தாழ்த்தாமல் கேட்பதும், நம் மொழியிலேயே கேட்பதும் நாம் செய்யக்கூடியவை. அடுத்த முறை அங்கன்வாடிக்குச் செல்லும்போது அந்தச் சொற்பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.